கூண்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போறவங்களுக்கு



தீபாவளிக்கு முன்னால நடந்த பேச்சு இது. அப்போ சோளக்கதிர் பால் பிடிக்கிற நேரம். விடிகாலையிலயும் சாயங்காலம் நாலரைக்கு மேலயும் காட்டுல ஆள் இருந்தே ஆகணும். இல்லேன்னா பச்சைக்கிளிக் கூட்டம் வந்து இறங்கிரும். அதுக தின்கிறது கொஞ்சம், கடிச்சுக் கீழே போடுறது நிறைய. ஒன்றரை ஏக்கர் சோளத்துக்கு நானும் ஒரு பழைய எண்ணெய் டின்னும்தான் காவல். டின்னைத் தட்டிக்கிட்டு நின்னப்பதான் சென்னையில இருந்து மக போன் பண்ணினா.

"அப்பா, தீபாவளிக்கு நாலு நாள் வர்றோம். பறவையை வீட்டுலயே விட்டுட்டு வரலாம்னு இருக்கோம். தீனி நிறைய வச்சிருவோம். கேமரா இருக்கு, போன்லயே பார்த்துக்கலாம்" அப்படின்னா.

அவ வீட்டுல ஒரு காக்கடீல் இருக்குது. சாம்பல் உடம்பு, தலையில கொண்டை, கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு. ஆஸ்திரேலியா பூர்வீகம், ஆனா கிளி இனந்தான். பேரன் ஆசைப்பட்டான்னு ரெண்டு வருசத்துக்கு முன்னால வாங்கினாங்க.

"ஏம்மிணி, தண்ணிக் கிண்ணம் கவுந்துபோச்சுன்னா போனுக்குள்ள கையை விட்டா நிமித்துவே?"ன்னு கேட்டுப்போட்டேன். அவளுக்குக் கோவம் வந்திருச்சு. "மாட்டையும் இதையும் ஒண்ணாப் பேசாதீங்கப்பா. இது சின்னப் பறவை"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. எங்க வீட்டுல ரெண்டு கறவை மாடு, நாலு ஆடு. கல்யாணம் காட்சின்னா நானும் வீட்டம்மாவும் சேர்ந்து ராத்தங்கினதே கிடையாது. ஒருத்தர் போனா ஒருத்தர் இருப்போம். ரெண்டு பேரும் போயே ஆகணும்னா பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கிட்டச் சொல்லி, எந்த மாடு முட்டும், எதுக்கு எவ்வளவு தவிடு கரைக்கணும்னு காட்டிக்கொடுத்துட்டுத்தான் பஸ் ஏறுவோம். இதை யாரும் தியாகம்னு சொல்றதில்லை. ஒரு உசுரைக் கட்டிப்போட்டா நாமளும் அதோட சேர்ந்து கட்டுப்பட்டுட்டோம், அவ்வளவுதான். கூண்டும் ஒரு கட்டுத்தறிதானுங்க.

நான் அவகிட்ட இவ்வளவு வேகமாப் பேசினதுக்கு ஒரு காரணம் இருக்கு. இத்தனை வருசம் வீட்டுல யாருக்கும் சொன்னதில்லை.

எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். பட்டுப்போன தென்னை மரத்துப் பொந்துல இருந்து ஒரு பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்துட்டு வந்து வளர்த்தேன். கம்பு, நிலக்கடலை, கொய்யா எல்லாம் கையில வாங்கித் தின்னும். பள்ளிக்கூடம் விட்டு வர்ற சத்தம் கேட்டாலே கத்தும். அந்தச் சித்திரையில அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாரும் ரெண்டு நாள் போனோம். கிண்ணம் நிறையக் கம்பும் கொட்டாங்குச்சியில தண்ணியும் வச்சிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தா கொட்டாங்குச்சி கவுந்து கிடக்குது. கிளி கூண்டுக்கு அடியில செத்துக் கிடக்குது. "தீனி அப்படியே இருக்கே, ஏன் தின்னலை?"ன்னு அழுதேன். தாத்தா கிண்ணத்தை எடுத்து ஒரு ஊது ஊதினார். அத்தனையும் உமி. அடியில நாலு மணி கூட இல்லை. கிளி தானியத்தை உரிச்சு உள்ளே இருக்கிறதைத் தின்னுட்டு, உமியை அங்கேயே போட்டுரும். மேலே இருந்து பார்த்தா கிண்ணம் நிறைஞ்ச மாதிரியே இருக்கும்.

கேமராவுல பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். அன்னிக்கு ராத்திரி மகளைத் திரும்பக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவ ஒண்ணும் பேசலை.

அதனால என் கருத்தை இங்க வெளிப்படையாச் சொல்றேன். வேலைக்குப் போற எட்டு பத்து மணி நேரம் பறவையைத் தனியா விடலாம், அதுக்கு வேண்டிய ஏற்பாடு பண்ணிட்டு. ஒரு ராத்திரியைத் தாண்டினா ஆள் வந்து பார்க்கணும். அதுக்கு மேலன்னா கூடவே கூட்டிட்டுப் போங்க, இல்லைன்னா பழகினவங்க வீட்டுல விடுங்க. இது மூணுமே முடியாதுன்னா பறவை வாங்காதீங்க. காக்கடீல் நல்லாப் பார்த்துக்கிட்டா பதினஞ்சு இருபது வருசம் இருக்கும்ங்கிறாங்க. பையன் ரெண்டாப்புப் படிக்கும்போது வாங்கினா, அவன் காலேஜ் முடிக்கிற வரைக்கும் யாராவது அதுக்கு வீட்டுல இருக்கணும்.

தினமும் ஆபீஸ் போறவங்களுக்குச் சில விசயம். மகளோட பறவையைப் பார்க்கிற டாக்டர் சொன்னதும், நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும் கலந்து சொல்றேன்.

தண்ணியை ரெண்டு இடத்துல வையுங்க, கம்பியோட இறுக்கிக் கட்டுற கிண்ணமாப் பாருங்க. தீனியைத் தினமும் ஊதிப் பாருங்க. ஊறவச்ச பயறு, நறுக்கின பழத்தை வச்சிட்டுப் போகாதீங்க, நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு மணி நேரத்துல புளிச்சிரும். அதெல்லாம் நீங்க வீட்டுல இருக்கிற நேரத்துக்கு.

கூண்டைப் பால்கனியில வச்சிட்டுப் போகாதீங்க. காலையில நிழலா இருக்கிற இடம் மதியத்துக்கு மேல அடுப்பு மாதிரி ஆயிரும். பூனையும் காக்காயும் அபார்ட்மெண்ட்லயும் உண்டு. எறும்பு ஏறாம இருக்க ஸ்டாண்டுக் காலைத் தண்ணிக் கிண்ணத்துல வையுங்க. கூண்டுக்குள்ள பிரிஞ்ச நூலு, கயிறு இருந்தா எடுத்துருங்க, கால் விரல் சிக்கிக்கும். ஆள் இல்லாதப்ப வெளியே பறக்க விட்டுட்டுப் போகவே வேண்டாம். ஃபேன் ஒரு எமன், ஜன்னல் கண்ணாடி இன்னொரு எமன்.

நான்ஸ்டிக் சட்டியை அடுப்புல வச்சு மறந்துபோய்க் காய விட்டா, அதுல வர்ற புகை நமக்கு ஒண்ணும் பெருசாத் தெரியாது, பறவையைக் கொன்னே போட்டுரும். கொசுவர்த்திச் சுருளும் அது பக்கத்துல வேண்டாம்.

காக்கடீலுக்கு ராத்திரி திடீர்னு பயம் வரும். இருட்டுல இறக்கையை அடிச்சுக் கம்பியில மோதி ரத்தமாக்கிக்கும். அதுக்குச் சின்ன விளக்கு ஒண்ணு எரியணும். தீபாவளி வெடிச் சத்தத்துல, பூட்டின வீட்டுல, இருட்டுல தனியா விட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

கிளி கூட்டமா வாழுற ஜாதி. என் காட்டுக்கு ஒத்தைக் கிளி வந்து நான் பார்த்தது அபூர்வம். அதைக் கொண்டுபோய் நாளெல்லாம் ஒத்தையில வச்சா, சிலது தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கும், சிலது விடாம கத்தும். கடிச்சு விளையாட மரத்துண்டு, சோளத்தட்டு, தென்னங்குச்சி எதையாவது போட்டுட்டுப் போங்க. சாயங்காலம் வந்ததும் போனை வச்சிட்டு அதோட அரை மணி நேரம் உட்காருங்க.

"எல்லாரும் கிராமத்துல இருக்கிற மாதிரி சிட்டியில பக்கத்து வீட்டுல விட முடியுமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா ஒரு அபார்ட்மெண்ட்டுல நூறு வீடு இருக்கும்போது ஒரு சாவியை நம்பிக் கொடுக்க ஒரு ஆள் கூட இல்லைன்னா, அது பறவைப் பிரச்சனை மட்டும் இல்லைங்க. ஊருக்குக் கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாலயே அவங்களைக் கூப்பிட்டுப் பழக்குங்க. என்ன தின்னும், எப்படி இருந்தா நோவுன்னு அர்த்தம், எந்த டாக்டர்னு தாள்ல எழுதி ஒட்டுங்க. திரும்பி வரும்போது ஒரு தேங்காயும் பத்துக் கொய்யாவும் கொண்டுபோய்க் கொடுங்க. அடுத்த தடவை அவங்களே கேட்டு வாங்கிக்குவாங்க.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். நான் வளர்த்த மாதிரி நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்க்காதீங்க. 1972ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டப்படி அது குத்தம். எங்களுக்கு அப்போ அது தெரியாது, தெரியாததால குத்தம் இல்லைன்னு ஆயிராது. ஏற்கெனவே வச்சிருக்கிறவங்க மனசு கேட்காம மொட்டை மாடியில இருந்து பறக்க விடவும் வேண்டாம். கையில தின்னு பழகினதுக்கு வெளியே இரை தேடத் தெரியாது. வனத்துறைகிட்ட ஒப்படைக்கிறதுதான் முறை.

மக என்ன பண்ணினான்னு கேக்கறீங்களா? காரிலயே கூட்டிட்டு வந்துட்டாங்க. கூண்டை அசையாம சீட்டோட கட்டி, பாதி துணி போட்டு மூடி. வழியில சாப்பிட நிறுத்தினப்பக் கூட மாப்பிள்ளை காருக்குள்ளயே ஏசியைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தாராம். வெடியெல்லாம் தோட்டத்தைத் தாண்டி ரோட்டுப் பக்கம்தான் வெடிக்கணும்னு பேரனே சட்டம் போட்டுட்டான்.

மறுநாள் விடிகாலையில நான் டின்னோட கிளம்பினேன். காட்டுல கிளிக் கூட்டம் கத்துறது கேட்டதும், திண்ணையில இருந்த இது கொண்டையைத் தூக்கிக்கிட்டுப் பதில் குரல் கொடுத்துச்சு. பேரன் பின்னாடியே ஓடி வந்தான். "அப்புச்சி, அதுகளை மட்டும் ஏன் விரட்டறீங்க? அதுவும் கிளிதானே?"

"அதுக நம்ம காடு இல்லைன்னா இன்னொரு காட்டுக்குப் போயிரும் சாமி. இது எங்க போகும்?"ன்னேன்.

அவன் திரும்பிப் போய்த் தீனிக் கிண்ணத்தை எடுத்து ஊதிப் பார்த்தான்.

அடுத்த வாரம் சோள அறுப்பு. கிளிக்குப் போனது போக என்ன மிச்சம்னு அப்போ எழுதறேன்.