பெயரறியாதவன் கட்டும் தீர்வை

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொதிகளுக்குப் புலிப்பொறி ஒற்றி, உல்கு கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை பகர்கின்றது. அரசனுக்குரிய பொருள்களுள் உல்கையும் ஒன்றாக எண்ணினார் வள்ளுவர். முதற் குலோத்துங்கன் அவ்வரியை நீக்கிச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். ஆகவே, கடல்வணிகமும் அதன்மேல் வரும் தீர்வையும் தமிழனுக்குப் புதியன அல்ல. புதியது ஒன்றே ஒன்றுதான்: இன்று அவன் தன் துறைமுகத்தில் நின்றுகொண்டே, தான் வாங்கிய பொறிக்குத் தனக்கு விளங்காத மொழியில் பெயர் சொல்லித் தீர்வை கட்டுகின்றான், பெயர் பிழைத்தால் ஒறுப்பும் கட்டுகின்றான்!

'பெயரில் என்ன இருக்கிறது? எண்தானே தீர்வையை முடிவு செய்கிறது!' என்பார் உளர். அவர்க்கு இத்துறையின் அரிச்சுவடியே தெரியாது என்க. இந்தியாவின் ஆயத்தீர்வைச் சட்டம் 1975ஆம் ஆண்டினது. அதன் பட்டியல், பிரசல்சு நகரில் ஆயத்துறை ஒத்துழைப்பு மன்றம் வகுத்த உலகப் பொதுப் பாகுபாட்டைத் தழுவி 1986இல் மாற்றியமைக்கப்பட்டது. 2003 முதல் ஒவ்வொரு சரக்கிற்கும் எட்டிலக்க எண் வந்தது. பொறிகளும் இயந்திரங்களும் 84ஆம் இயலில் அடங்கும். மின்கருவிகள் 85ஆம் இயலில். நுண்ணளவைக் கருவிகள் 90ஆம் இயலில். எந்தச் சரக்கு எந்த எண்ணில் அடங்கும் என்பதற்கு முதல் விதி யாது? தலைப்பில் உள்ள சொற்களையும், பிரிவு, இயல் ஆகியவற்றின் குறிப்புகளில் உள்ள சொற்களையும் கொண்டே முடிவு செய்க என்பதே! சொல் முன்னே செல்கின்றது; எண் அதன் பின்னே செல்கின்றது; தீர்வை எண்ணின் பின்னே செல்கின்றது. சொல்லை அறியாதவன் எண்ணை எங்ஙனம் அறிவான்?

ஓர் எடுத்துக்காட்டு: மளிகைக் கடையிலும் நிறைகோல் உண்டு, மருந்தாய்வுக் கூடத்திலும் நிறைகோல் உண்டு. முன்னது 8423ஆம் தலைப்பு. ஐந்து சென்டிகிராம், அல்லது அதனினும் நுண்ணிய எடைவேறுபாட்டை உணர்த்தும் நிறைகோலாயின், அது பொறிகளின் இயலை விட்டே நீங்கி 9016ஆம் தலைப்பிற்குச் சென்றுவிடும். கருவி ஒன்று, தொழில் ஒன்று. ஆயினும் ஒரு சிறு தொடர் அதனை வேறோர் இயலுக்கு மாற்றிவிடுகின்றது. அத்தொடர் ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைக்காரரோ தமிழில் இருக்கின்றார்!

திருப்பூருக்கு வருவோம். அங்கு வந்திறங்கும் வட்டப் பின்னற்பொறி 8447ஆம் தலைப்பினது. அதன் உருளை விட்டம் 165 மில்லிமீட்டருக்கு மேற்படாததாயின் ஓர் உட்பிரிவு. மேற்பட்டதாயின் வேறோர் உட்பிரிவு. பொறியின் ஊசிகளைத் தனியே வரவழைத்தால் அவை 8448இல் சேரும். மின்னோடியைத் தனியே வரவழைத்தால், அது பின்னற்பொறியின் உறுப்பாயினும் 8501ஆம் தலைப்பின் மின்னோடியே. பட்டறையில் 'பேரிங்' எனப்படும் உருள்தாங்கி 8482. இரும்புத் திருகாணி பொறிப்பிரிவிலேயே அடங்காமல் 7318இல் நிற்கும். இயக்கத்தைக் கடத்தும் வன்மையேற்றிய இரப்பர் வார் 4010. இனி, முழுப் பொறியையே கழற்றிப் பல பெட்டிகளில் அடைத்து ஒருசேரக் கொணர்ந்தாலோ, அப்பெட்டிகளின் உள்ளீடு உறுப்புகள் அல்ல. முழுப் பொறியே என்கின்றது விதி.

இஃது என்ன புதுக் கலையா? முதலும் சினையும் என்று பொருள்களைப் பகுத்து, முதற்பெயர் எது, சினைப்பெயர் எது, ஒன்றன் பெயர் மற்றொன்றற்கு எப்போது ஆகும் என்று வரையறுத்த இலக்கணம் எந்த மொழியினது? உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்து, எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் மரபு, ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது என்று நிரல்படுத்திய மரபியல் எந்நூலில் உள்ளது? பெயரிடுவதையும் வகைப்படுத்துவதையும் தொல்காப்பியர் காலத்திலேயே கற்றுத் தேர்ந்த மொழிக்கு, ஒரு சரக்குப் பட்டியலைத் தாங்க வலியில்லையாம்! என்னே மடமை!

இதனால் வரும் கேடு வெறும் மானக்கேடன்று, கைப்பொருட் கேடுமாகும். 2011 முதல், தீர்வையை மதிப்பிடும் பொறுப்பு இறக்குமதியாளரின் தலையிலேயே வைக்கப்பட்டுள்ளது. அலுவலர் கணித்துச் சொல்வார், அவர் சொன்னதைக் கட்டலாம் என்ற நிலை போயிற்று. தன் பொறி இன்னது, அதன் எண் இன்னது, தீர்வை இவ்வளவு என்று அவரே எழுதி ஒப்பமிட வேண்டும். கோவையில் ஒரு சிறு பட்டறைக்காரர் பழைய சாணைப்பொறி ஒன்றை அயல்நாட்டிலிருந்து வரவழைக்கின்றார் என்று கொள்வோம். உலோகத்தின் புறத்தைத் தேய்த்து நேர்த்தியாக்கும் அப்பொறியின் ஒவ்வோர் உறுப்பும் அவருக்கு அத்துபடி. ஆனால் பட்டியல் ஆங்கிலம், குறிப்புகள் ஆங்கிலம், அறிவிக்கைகள் ஆங்கிலமும் இந்தியும். முகவர் ஓர் எண்ணை எழுதுகிறார்; பட்டறைக்காரர் ஒப்பமிடுகிறார். எண் பிழை என்று பின்னர்க் கண்டால், குறைந்த தீர்வையை ஈராண்டுக்குள் கேட்கலாம். வேண்டுமென்றே பிறழ உரைத்தார், உண்மையை மறைத்தார் என்று கருதினால் ஐந்தாண்டுக்குள்ளும் கேட்கலாம். அதன்மேல் வட்டி; அதன்மேல் ஒறுப்பு. படிக்க முடியாததை எழுதியவரைப் பார்த்து 'மறைத்தாய்' என்பது எவ்வகை முறை?

இன்னொன்றையும் தமிழர் எண்ணிப் பார்க்க வேண்டும். திராட்சைத் தேறலும் பழச்சாறும் பிழியும் பொறிகளுக்கு அப்பட்டியலில் 8435 என்னும் தனித் தலைப்பே உண்டு. ஊர்தோறும் செக்காடிய நாட்டின் எண்ணெய்த் தொழிலுக்குரிய பொறியோ, வேறெங்கும் சொல்லப்படாத பொறிகளை அள்ளிப் போட்ட 8479ஆம் தலைப்பில் ஓர் உட்பிரிவாய்க் கிடக்கின்றது! பெயரிடும் அவையில் எவர் அமர்கின்றாரோ அவர் தொழிலே முன்னிற்கும். அவ்வவையில் அமர்வது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் இட்ட பெயரைத் தன் மொழியில் படிக்கும் அளவிற்கேனும் தமிழன் எழ வேண்டாவா?

'ஒரே பட்டியலைப் பல மொழிகளில் வைத்தால் குழப்பம் விளையும்' என்பது அடுத்த தடை. ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள்! ஆண்டுதோறும் அது வெளியிடும் ஆயப் பட்டியல், அதன் ஆட்சிமொழிகள் இருபத்து நான்கிலும் வெளிவருகின்றது. ஏறத்தாழ ஐந்து இலக்கம் மக்கள் பேசும் மால்தா மொழியிலும் பொறிகளின் இயல் உண்டு. பதினான்கு இலக்கத்திற்கும் குறைந்த மக்களைக் கொண்ட எசுத்தோனியாவின் மொழியிலும் உண்டு. அங்குக் கப்பல்கள் நின்றுவிட்டனவா? வணிகம் கவிழ்ந்துவிட்டதா? 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடி மக்களின் தாய்மொழியாகிய தமிழுக்கு அது கூடாதென்பது அறிவா, அடிமைத்தனமா?

சட்டம் இடந்தரவில்லையா? தருகின்றது! நடுவணரசின் சட்டங்களை இந்தியல்லாத பிற மொழிகளிலும் பெயர்த்துக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அரசிதழில் வெளியிட்டால், அப்பெயர்ப்பு அதிகாரமுடைய வாசகமாகவே கொள்ளப்படும் என்று 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகின்றது. கதவு அரை நூற்றாண்டாகத் திறந்தே கிடக்கின்றது, நுழைவார்தாம் இலர்! 1976ஆம் ஆண்டு அலுவல்மொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாகவே விரிந்தன. இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழர் சிந்திய குருதியின் பயன் அது. ஆனால், இந்தி வாராமல் காத்தவர் தமிழ் வருமாறு செய்தனரா? ஒழிந்த இடத்தில் தமிழை அமர்த்தாமையால் ஆங்கிலம் கால்நீட்டிப் படுத்துக்கொண்டது!

'கலைச்சொல் எங்கே?' என்பது கடைசித் தடை. பட்டறைக்குள் சென்று கேளுங்கள். கடைசல், சாணை, துளை, வார், தறி, திருகாணி, கொதிகலம் என்னும் சொற்கள் புலவர் அறையில் புதிதாய்ப் பிறந்தவையா? தொழிலாளர் நாவில் வாழ்வன அவை. கடைசற்பொறி என்று சொல்ல வாயிருக்க, 'லேத்து மிசின்' என்று பிதற்றுவது மொழியின் குறையன்று, சொல்வோனின் குறை. எஞ்சிய சொற்களை ஆக்கிக்கொள்ளத் தமிழின் வேர்ச்சொற்களுக்கு வலியுண்டு.

செய்ய வேண்டுவன யாவை? முதற்கண், 84, 85, 90 ஆகிய இயல்களும் அவற்றின் குறிப்புகளும் பொது விதிகளும் அதிகாரமுடைய தமிழ் வாசகமாக வெளிவரல் வேண்டும். உலகப் பாகுபாடு சில ஆண்டுக்கொருமுறை திருத்தப்படுகின்றது. 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இனி 2028இல் திருத்தப்படும். ஆதலின் ஒருமுறை பெயர்த்து ஓய்ந்துவிடாமல், புலவரும் பொறியாளரும் தொழிலாளரும் கூடிய நிலையான குழு ஒன்று வேண்டும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் வணிகர் தம் சரக்கைத் தமிழில் எழுதித் தரவும், வினா அறிவிக்கையைத் தமிழில் பெறவும் உரிமை வேண்டும். தமிழக அரசு இதனைக் கேட்க வேண்டும்; வணிகர் மன்றங்கள் வற்புறுத்த வேண்டும்; கேளாதிருப்பின், கேட்க வைக்கும் கடமை தமிழ் மக்களுடையது.

வெள்ளையன் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தூத்துக்குடித் துறைமுகம் தாங்கி நிற்கின்றது. பெயர்ப்பலகையில் தமிழன், பெட்டிக்குள் இருக்கும் பொறிக்கு மட்டும் பிறன் இட்ட பெயர்! பலகையோடு நின்றுவிட்ட தமிழ், பதிவேட்டிற்குள்ளும் நுழைக! தமிழ் வணிகரே, ஒப்பமிடும் முன் உம் மொழியில் படித்துப் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள்!