புது டயர் முன்னாலா, பின்னாலா?

கடந்த ஞாயிறு காலை பசியாற உட்கார்ந்திருந்தேன். காடி வாசலுக்கு வருவதற்கு முன்பே அதன் எக்ஸோஸ் சத்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து நின்றது. வந்தது என் அக்காள் மகன். இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய செகண்ட் ஹேண்ட் சத்ரியா நியோவைக் காட்ட வந்திருந்தான்.

"எப்படி மாமா இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது. மூன்று கதவு, குட்டையான உடம்பு, வெள்ளைச் சாயம். புது ரிம் போட்டிருந்தான். எக்ஸோஸ் மாற்றியிருந்தான். செனாய் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அத்தனையும் அதில் தெரிந்தது.

நான் காடியைச் சுற்றி வந்து பின் டயர் அருகே குனிந்தேன். "டயர் என்ன வயசுப்பா?"

"பூ தேயவே இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கு."

நான் கேட்டது பூவை அல்ல, வயதை. டயரின் பக்கச் சுவரில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் முடிவில் நான்கு இலக்கங்கள். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. அவன் டயரில் 1316 என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் 13ஆவது வாரத்தில் செய்தது. தம்பி எஸ்.பி.எம். எழுதிய வருஷம்!

ரப்பருக்கு வெயிலும் வயதும் எதிரி. அதிகம் ஓடாத டயரில் பூ அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப் போயிருக்கும். காய்ந்த சாலையில் வித்தியாசம் தெரியாது. மழையில்தான் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பல வருஷங்களுக்கு முன் என்னிடமும் இதே மாதிரி ஒரு மூன்று கதவுக் காடி இருந்தது. டயர் மாற்ற வேண்டிய நேரம், கையில் இரண்டு டயருக்குத்தான் காசு. முன் சக்கரங்கள்தானே காடியை இழுக்கின்றன, முன்னாலேயே போடுங்கள் என்று நானேதான் சொன்னேன். அடுத்த வாரம் கோத்தா திங்கியிலிருந்து பண்டார் தெங்காராவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்திநேர மழை. ஒரு வளைவுக்குள் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டேன். பயந்து சட்டென்று எண்ணெய்க் கட்டையிலிருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். காடியின் வால் பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்தது. ஒரு முழுச் சுற்று சுற்றி, புல்லில் ஏறி, கால்வாய்க்கு இரண்டு முழம் தள்ளி நின்றேன். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்து என்னைக் கடந்து போனது. அது அரை நிமிடம் முன்னால் வந்திருந்தால் இந்தப் பத்தியை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் கூலாயில் என் போமன் விளக்கினார். வளைவில் திடீரென்று காலை எடுத்தால் காடியின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிவிடுகிறது. சக்கரங்களுக்கு இடையே நீளம் குறைந்த சின்னக் காடிகளில் இது இன்னும் சட்டென்று நடக்கும். அந்த நேரத்தில் சாலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவை பின் டயர்கள். நானோ கிழட்டு டயர்களைப் பின்னால் விட்டு வைத்திருந்தேன். முன் டயர் வழுக்கினால் காடி நேராக ஓடப் பார்க்கும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு வழியுண்டு. பின் டயர் வழுக்கினால் நம்மைப் போன்ற சாதாரண ஓட்டுநர்களுக்கு வழியே இல்லை. ஆகவே வாசகர்களே, நான்கும் வாங்குவது நல்லது. இரண்டுதான் முடியும் என்றால் புதியவை பின்னால் போகட்டும், நல்ல பழையவை முன்னால் வரட்டும்.

இதைச் சொன்னபோது மருமகன் கேட்டான்: "சத்ரியா ரேலி காடி மாமா. அதுக்கா இப்படிப் பயப்படறீங்க?"

அவன் சொன்னதில் உண்மை உண்டு. சத்ரியா என்ற பெயரே நம் 'சத்திரியன்' என்ற சொல்லின் உறவுதான். 1994இல் முதல் சத்ரியா வந்தது. புரோட்டோன் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைக் கையகப்படுத்திய பிறகு, லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்த 1.8 லிட்டர் சத்ரியா ஜிடிஐ வந்தது. இன்றும் அதைக் கண்டால் திரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. நியோ 2006இல் வந்தது. அதன் ரேலி வடிவத்தில்தான் 2011இல் அலிஸ்டர் மெக்ரே ஆசிய பசிபிக் ரேலி பட்டத்தை வென்றார். அந்தத் தொடரின் மலேசியச் சுற்று நம் ஜொகூர் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதைகளிலும் ஓடியிருக்கிறது. அதற்கும் முன்னால், 2002இல், நம் நாட்டு கரம்ஜித் சிங் புரோட்டோன் காடியில் உலக ரேலியின் உற்பத்திக் கார் பிரிவில் உலக வெற்றியாளர் ஆனார்.

ஆனால் கரம்ஜித் தனியாக ஓட்டவில்லை. பக்கத்து இருக்கையில் துணை ஓட்டுநர் ஆலன் ஓ இருந்தார். ரேலிக்காரர்கள் போட்டிக்கு முன் அதே பாதையில் மெதுவாகப் போய் ஒவ்வொரு வளைவையும் குறித்துக்கொள்வார்கள். போட்டியின்போது துணை ஓட்டுநர் அதை வாசித்துக்கொண்டே வருவார். பாதையை அடைத்திருப்பார்கள், எதிரே யாரும் வர முடியாது. காடிக்குள் இரும்புக் கூண்டு, தலையில் கவசம். நம் சாலையில் இதில் எது இருக்கிறது? இரு பக்கமும் செம்பனை, விளக்கில்லாத இருட்டு, லோரியிலிருந்து விழுந்த குலை, நடுவில் படுத்திருக்கும் மாடு. கோத்தா திங்கி, குளுவாங் வட்டாரத்தில் யானையே சாலையைக் கடக்கிறது. வேகத்தில் ஆசை இருந்தால் தப்பில்லை. செப்பாங் பந்தயத் தளத்தில் சொந்தக் காடியை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் இருக்கின்றன. காசு கட்டி அங்கே ஓட்டுங்கள்.

கூட்டரசு சாலையில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போகிறோம். மாட்டைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் அந்த 25 மீட்டர் போயே போச்சு. அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்கிறது. 60இல் போனால் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரத்தைப்போல 90இல் இரண்டே கால் மடங்கு ஆகும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது என்று நினைக்கக் கூடாது.

ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் காடி வாங்கும் தம்பிகளுக்கு என் வரிசை இது. முதலில் டயர். அடுத்து பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால், பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவி உண்டாகி, மிதிக்கும் கட்டை பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூன்றாவது அப்சோர்பர். எண்ணெய் கசிந்த அப்சோர்பர் இருந்தால் புது டயர்கூடத் தரையில் ஒழுங்காக உட்காராது. நான்காவது டைமிங் பெல்ட். முந்தைய உரிமையாளர் மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அது அறுந்தால் பல இயந்திரங்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் இயந்திரத்தையே பிரிக்க வேண்டும். இவை எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் ரிம், எக்ஸோஸ், ஸ்டிக்கர்.

இன்னொன்று. இயந்திரத்தை மாற்றினால் வாகனச் சோதனையும் ஜேபிஜே அனுமதியும் வேண்டும். காடியின் கிராண்டில் புது இயந்திர எண் ஏற வேண்டும். சொல்லாமல் மாற்றிய காடி விபத்தில் மாட்டினால், இழப்பீட்டைத் தர மறுக்க இன்சூரன்ஸ்காரருக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டான். "காசு இல்ல மாமா" என்றான்.

"ரிம்மை வித்துடு" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் அப்பா இறந்த பிறகு அக்காளுக்கு அவன் ஒருவன்தான். இரவு வேலை முடிந்து அவன் வர அரை மணி நேரம் தாமதமானால் என் கைப்பேசி அடிக்கும். "தம்பி, கூலாய் பக்கம் மழையா?" என்று அக்காள் கேட்பார். மழை இல்லை என்று நானும் சொல்வேன், இருந்தாலும்.

நேற்று சாயங்காலம் அக்காள் அழைத்தார்.

"தம்பி, பின்னால ரெண்டு புது டயர் போட்டிருக்கான். பழைய ரிம்மையே திரும்ப மாட்டிட்டான். நீ என்ன சொன்னே அவன்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லலையேக்கா" என்றேன்.

பின்னணியில் அந்த எக்ஸோஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம்.