கொட் மீனும் குளிர் நீரும்

ஸ்காபரோவில் நாம் மரக்கறி வாங்கும் தெருவிலே மேற்கிந்தியர் ஒருவரின் பலசரக்குக் கடை உண்டு. அங்கே பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கும் உப்பிட்ட மீனைக் கண்டால் எம்மவர் பலர் ஒரு கணம் தரித்து நின்றே செல்வர். கருவாட்டு வாசனை அப்படிப்பட்டது. சென்ற வாரம் நாமும் நின்றோம். பொதியின் மேல் 'பொலொக்' என்று எழுதியிருந்தது. ஒருகாலத்தில் இது கொட் மீனாகவே இருந்ததென்றும், இப்போது கொட் கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாதென்றும் கடைக்காரர் சொன்னார்.

அந்தக் கொட் மீனைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம். மீனைப் பற்றி எழுதக் கலைப் பட்டதாரிக்கு என்ன தகுதி என்று எமது இல்லாள் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எமக்கு இதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. ஊரிலே புவியியல் கற்பித்த நாட்களில், உலகப் படத்தில் மீன்பிடித் தளங்களைக் குறிக்கும்படி மாணவரைப் பணிப்போம். நியூபவுண்ட்லாந்துத் தீவின் கிழக்கே, குளிர்ந்த லப்ரடோர் நீரோட்டமும் வெப்பமான வளைகுடா நீரோட்டமும் சந்திக்கும் கிராண்ட் பாங்க்ஸ் என்னும் மேடையே அவற்றுள் முதன்மையானது. 'வற்றாத மீன்வளம்' என்று கரும்பலகையில் நாமே எழுதினோம். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எமது பாடநூலோ பழையது. நாம் அவ்வாறு எழுதியபோது அக்கடலில் கொட் பிடிப்பது ஏற்கெனவே தடை செய்யப்பட்டிருந்தது.

அத்தீவை எமது சமூகம் வேறொரு வகையிலும் அறியும். 1986 ஓகஸ்ட் மாதத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அலைந்த எம்மவர் 155 பேரைக் கடலிலே கண்டெடுத்துக் காத்தவர்கள் அங்குள்ள மீன்பிடிப் படகினரே. உடுப்பும் உணவும் தந்து ஆதரித்தவர்கள் அக்கரை மக்கள். ஆறு ஆண்டுகளின் பின் அம்மக்களுக்கு நேர்ந்ததை எம்மவருள் அறிந்தோர் சிலரே.

1497இல் ஜோன் கபொட் அக்கரையை அடைந்த நாள்முதல் ஐரோப்பியர் அங்கு கொட் பிடித்தனர். நாலரை நூற்றாண்டுகள் தூண்டிலும் வலையும் போட்டும் கடல் தாங்கியது. 1954இல் பிரித்தானியாவின் 'பெயார்ட்ரை' என்னும் கப்பல் வந்தது. பின்புறமாக இழுவை வலையை ஏற்றி, மீனை வெட்டி உறைய வைக்கும் வசதி முழுவதையும் தன்னுள்ளேயே கொண்ட தொழிற்சாலைக் கப்பல் அது. அதன் பின்னே சோவியத், ஸ்பெயின், போர்த்துக்கல் எனப் பல நாட்டுக் கப்பல்கள் வந்தன. 1968இல் மட்டும் எட்டு இலட்சம் தொன்னுக்கு மேல் அள்ளப்பட்டது. 1977இல் கனடா 200 மைல் எல்லையை வகுத்து அந்நியக் கப்பல்களை வெளியேற்றியது. ஆனால் அவ்விடத்தைத் தன் சொந்த இழுவைக் கப்பல்களால் நிரப்பிக்கொண்டது.

எண்பதுகளில் கரையோரத் தொழிலாளர் முறையிடத் தொடங்கினர். கோடையிலே கப்பெலின் என்னும் சிறுமீன் முட்டையிடக் கரைக்கு வரும். அதைத் தின்னக் கொட் பின்னால் வரும். அதற்காகவே அவர்கள் கரையில் வலை கட்டிக் காத்திருப்பர். வரும் மீன் தொகையிற் குறைகிறது, உருவிலும் சிறுக்கிறது என்றனர். அரசின் கணிப்போ மீன் பெருகுவதாகச் சொன்னது. அக்கணிப்பு, இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்பதிலும் தங்கியிருந்தது. எஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் கூட்டமாய்த் திரள, கப்பல்கள் ஒலிக்கருவியால் அக்கூட்டத்தையே தேடிப் போய் அள்ளின. பாதி ஊர் இடம்பெயர்ந்த பின்பும் தேர்த்திருவிழாவன்று வீதியிலே நெரிசல் இருக்கத்தான் செய்யும். அந்த நெரிசலைப் பார்த்து ஊரின் சனத்தொகையை எழுதியது போன்றது அக்கணக்கு. 1990இல் லெஸ்லி ஹரிஸ் தலைமையிலான குழு, பிடிக்கும் அளவைக் குறைக்க வேண்டுமென அறிக்கை கொடுத்தது. அமைச்சர்கள் தயங்கினர்.

1992 யூலை 2ஆம் திகதி, அமைச்சர் ஜோன் குரொஸ்பி வடபகுதிக் கொட் மீன்பிடியை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்துவதாக அறிவித்தார். முதல்நாள் பே புல்ஸ் என்னும் துறையிலே தம்மைச் சூழ்ந்த தொழிலாளரிடம், கடலிலிருந்து மீனை எடுத்தவன் தானல்லன் என்று அவர் சீறியது இன்றுவரை அங்கே பேசப்படுகிறது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் அம்மாகாணத்தின் சனத்தொகையில் பத்திலொரு பங்கு குறைந்தது. எம்மவரைக் கரைசேர்த்த கரையிலிருந்து அவர்களே பெட்டி கட்டிப் புறப்பட்டனர்.

இனித்தான் நாம் சொல்ல வந்த விடயம். மீன் எதனால் அழிந்தது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கடல் வழமைக்கு மாறாகக் குளிர்ந்திருந்தது. வடமேல் காற்று பலத்து, பனிக்கட்டி நெடுநாள் கரையாமற் கிடந்தது. 1991இல் கப்பெலின் திடீரென வீழ்ச்சியடைந்தது. எஞ்சியவையும் வாரக்கணக்கில் தாமதித்தே கரைக்கு வந்தன. ஆகவே குளிரே கொன்றது என்றனர் ஒரு சாரார். 1994இல் ஜெஃப்ரி ஹச்சிங்ஸ், றான்சம் மையர்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டி, கடுங்குளிர் முன்னரும் வந்தது, கொட் தாங்கி நின்றது, கொன்றது மிகைப்பிடிப்பே என்று நிறுவினர். இது வெறும் கல்விமான்களின் சச்சரவு அன்று. குளிர்தான் காரணமென்றால் பிடிக்க அனுமதித்தவர்கள் தப்பிவிடுவர். அரசின் தகவற் கட்டுப்பாடும் விஞ்ஞான ஆராய்ச்சியும் ஒத்துப்போகுமா என்று ஹச்சிங்ஸ் உட்பட மூவர் 1997இல் வெளிப்படையாகவே எழுத நேர்ந்தது.

நாம் படிப்பித்த பாடசாலையின் வகுப்பறைக் கூரை ஒரு கார்த்திகைக் காற்றில் விழுந்தது. இரவாகையால் பிள்ளைகள் தப்பினர். மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தில் 'புயற்சேதம்' என்று இருந்தது. கூரையைப் பிரித்த தச்சர் வளையொன்றைக் கையால் நசுக்கிக் காட்டினார். உள்ளே கறையான் தின்ற தூள். காற்று அடித்திராவிட்டால் அவ்வருடம் விழுந்திராது. கறையான் அரித்திராவிட்டால் எந்தக் காற்றுக்கும் விழுந்திராது. கடிதத்தில் இரண்டையும் எழுத இடமில்லைப் போலும்.

கடலில் கறையானின் வேலையை வலை எவ்வாறு செய்கிறது? பெரிய மீனே வலைக்கு முதலிற் போகிறது. முதிய பெண் கொட் இளையதைவிடப் பன்மடங்கு முட்டையிடும். வயதும் உருவும் பலவாக உள்ள கூட்டம் வெவ்வேறு காலத்திலும் வெவ்வேறு இடத்திலும் முட்டையிடும். ஒரு கிழமை குளிர் கெடுத்தாலும் மறு கிழமை பிழைக்கும். முதியவை போய்விட்டால் அந்தக் காப்பும் போய்விடும். எஞ்சிய இளையவை முந்திய தலைமுறைகளைவிட இளவயதிலேயே, ஆறு வயதுக்குப் பதிலாக ஐந்து வயதளவில், முட்டையிடத் தொடங்கின. அத்தகைய கூட்டத்தின்மீதுதான் 1991இன் குளிர் இறங்கியது.

இதனை ஊகமாக விடாது சோதித்துப் பார்த்தவர்களும் உளர். கலிபோர்னியக் கரையில் சாடின் மீன் அழிந்ததன் பின் 1949இல் ஒரு கணக்கெடுப்புத் தொடங்கியது; கடலில் மிதக்கும் மீன்குஞ்சுகளை வலையால் அரித்து எண்ணி வருகின்றனர். அங்கே மனிதர் பிடிக்கும் மீன்களும் உண்டு, எவரும் தொடாத மீன்களும் உண்டு. இரண்டுக்கும் நீர் ஒன்றே, வெப்பமும் ஒன்றே. அரை நூற்றாண்டுப் பதிவுகளை ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வு, பிடிக்கப்படும் இனங்களின் தொகையே கூடுதலாக ஏறி இறங்கித் தத்தளிப்பதைக் காட்டியது. ஐம்பது ஆண்டுகள் ஒரே வேலையைச் சலியாமற் செய்தவர்களால் வந்த விடை இது. இத்தகைய வேலைக்குப் பாராட்டு விழா எடுப்பாரில்லை.

இப்போது குளிரன்று, வெப்பம். நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே மெயின் வளைகுடா 2004 முதல் 2013 வரை உலகக் கடற்பரப்பின் 99 வீதத்தைவிட வேகமாகச் சூடேறியது. அங்கே கொட் பிடிப்பைப் பலமுறை குறைத்தும் மீன் மீளவில்லை. அளவை நிர்ணயித்த கணக்கிலே வெப்பம் சேர்க்கப்படவில்லை என்று 2015இல் ஆய்வாளர்கள் காட்டினர். வடக்கே குளிரைச் சாட்டி வலையை மறந்தனர். தெற்கே வலையை எண்ணி வெப்பத்தை மறந்தனர்.

வடபகுதியில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1995 முதல் கரையோரத் தொழிலாளரே ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குறித்த இடங்களில் குறித்த முறையில் வலை போட்டு, நீளமும் வயதும் நீரின் வெப்பமும் பதிந்து வந்தனர். எண்பதுகளில் எவரும் செவிசாய்க்காத வாய்மொழி இப்போது பதிவேடாகிவிட்டது. பத்து ஆண்டுகள் முந்திச் செய்திருக்கலாம்.

இரண்டு ஆண்டுகள் என்று அறிவித்த தடை 32 ஆண்டுகள் நீடித்து 2024 யூன் மாதத்தில் நீக்கப்பட்டது. நற்செய்தி என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023இல் விஞ்ஞானிகள் கணக்கை 1954 வரை பின்னோக்கி நீட்டி, ஆபத்தெல்லை எது என்பதைப் புதிதாகக் கணித்தனர். எல்லைக்கோடு கீழே இறங்க, அதுவரை ஆபத்து நிலையில் இருந்த மீன் ஒரே நாளில் எச்சரிக்கை நிலைக்கு உயர்ந்தது. கடலில் மீன் கூடவில்லை. கணிப்பு திருந்தியிருக்கலாம், அதனை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இழுவைக் கப்பல்களுக்கும் வழி திறக்கப்பட்டபோது, மூன்று தசாப்தம் காத்திருந்த கரையோரத் தொழிலாளரின் சங்கமே அதனை எதிர்த்தது. 2024இல் அனுமதித்த அளவு 18,000 தொன். மறு ஆண்டு 38,000 தொன். கொட்டுக்கு இரையாகும் கப்பெலினோ 1991க்கு முந்தைய அளவை இன்னும் எட்டவில்லை.

அந்த 38,000 தொன்னிலே பத்து வயதைக் கடந்த மீன் எத்தனை என்பதையே நாம் அறிய விரும்புகிறோம்.