பட்டறை என்பது தண்டனையா?



"படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்!" இவ்வாக்கியத்தை வகுப்பறையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இனிச் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் ஒரு பழைய மிதிவண்டி விளக்கு.

என் தாத்தா சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு மிதிவண்டியில் செல்வார். முன்னே கார்பைட் விளக்கு எரியும். அந்நாளில் பால்மரம் வெட்டுவோர் பலர் நெற்றியில் கட்டிக்கொண்டதும் இவ்வகை விளக்குத்தான். கீழ்க்கிண்ணத்தில் கால்சியம் கார்பைட் கட்டிகள், மேற்கிண்ணத்தில் தண்ணீர். ஊசித் திருகைத் தளர்த்தினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். அசெட்டிலின் வாயு உண்டாகி வெண்மையாய் எரியும்.

எங்கள் வீட்டில் எஞ்சியிருந்த விளக்கில் அந்த ஊசித் திருகைக் காணோம். விரல் நீளம்கூட இல்லாத பொருள். ஆனால் அது இல்லையேல் விளக்கு வெறும் கூடுதான். கடந்த பள்ளி விடுமுறையில் ஈப்போவிலுள்ள மிதிவண்டிக் கடைகளில் எல்லாம் கேட்டு அலைந்தேன்; கிடைக்கவில்லை. இறுதியில் ஒரு கடைக்காரர் லேத் பட்டறை ஒன்றுக்கு வழிகாட்டினார்.

பட்டறைக்காரர் நம்மவர், ஐம்பது வயதைக் கடந்தவர். மென்மரக் குச்சி ஒன்றைத் துளையின் ஓரத்தில் அழுத்தி எடுத்து, அதில் பதிந்த தடங்களைப் புரி அளவியோடு ஒப்பிட்டார். "அங்குலத்துக்கு 26 புரி, சார். பழைய வெள்ளைக்காரன் மிதிவண்டி அளவு. இப்போது கடையில் விற்பது மில்லிமீட்டர் அளவு, சேராது" என்றார்.

நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 25.4ஐ 26ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.977 மில்லிமீட்டர். அதற்கு நெருங்கிய கடைத் திருகிலோ புரிக்குப் புரி 1 மில்லிமீட்டர். வேறுபாடு 0.023 மட்டுமே! ஆயினும் புரிக்குப் புரி அது கூடிக்கொண்டே போய்த் திருகு இறுகிவிடும். வலிந்து திருகினால் பழைய புரி அழிந்துவிடும். தசமம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த விடை ஏது?

பளபளப்பாக இருந்த செம்புத் தண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் மறுத்துவிட்டார். அசெட்டிலின் செம்போடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய சேர்மம் உண்டாகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பித்தளையைக் கடைந்து, புரி வெட்டி, முனையைக் கூராக்கினார். முதல் ஊசி துளையைச் சரியாக அடைக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, முகம் சுளிக்காமல் இரண்டாவதைச் செய்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இறுக்கினால் நின்றது, தளர்த்தினால் சொட்டியது.

"உங்கள் மகன் இத்தொழிலைப் பழகுகிறாரா?" என்று கேட்டேன்.

"விடமாட்டேன், சார். இது படிக்காதவன் வேலை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லி அனுப்புகிறார்களே!"

அப்படிச் சொன்னவர்களுள் நானும் ஒருவன் என்று அவரிடம் நான் கூறவில்லை. இங்கே கூறுகிறேன்.

பெற்றோரின் அச்சம் பொருளற்றதன்று. தோட்டத்தில் மழையிலும் பனியிலும் உழைத்த தலைமுறை, பிள்ளையின் கையில் எழுதுகோலைக் காணவே பாடுபட்டது. ஆனால், எழுதுகோலை உயர்த்துவதற்காக உளியைப் பழிக்க வேண்டியதில்லை. அன்று அப்பட்டறையில் நான் கண்டது அளவை, கணிதம், வேதியியல், பொறுமை ஆகிய அனைத்தும் சேர்ந்த கல்வி.

ஆசிரியர்களே, யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இனியாவது வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாட வேளையை மற்றப் பாடப் பயிற்சிகளுக்குக் 'கடன்' வாங்காதிருப்போம். பெற்றோர்களே, தொழிற்கல்லூரிக்குப் போக வேண்டும் என்று பிள்ளை கேட்டால், மறுக்குமுன் ஒருமுறை அங்குச் சென்று பாருங்கள்.

தாத்தாவின் விளக்கை அடுத்த பள்ளித் தவணையில் வகுப்புக்குக் கொண்டு செல்லவிருக்கிறேன். அந்த ஊசித் திருகைச் செய்தவரையும் அழைத்திருக்கிறேன். அவர் தம் மகனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.