ஜாதகத்தைச் சோதிப்பதா, குருதியைச் சோதிப்பதா?

பெண்ணுக்கு வயது பதினைந்து கடந்தும் பூப்பெய்தவில்லை. தாய் கண்ணீர் வடிக்கிறாள். சோதிடன் கட்டத்தைக் காட்டுகிறான், பரிகாரம் கூறுகிறான், பணத்தை மடியிலே முடிகிறான். மணமானவளுக்குக் கரு தங்கவில்லையா? மலடி என்னும் பழி அவள் தலையிலே! தோஷம் என்பர், முற்பிறவிப் பாவம் என்பர்.

நாம் கேட்கிறோம்: அவள் குருதியை எவரேனும் சோதித்ததுண்டா?

அமெரிக்காவிலே 1988 முதல் 1994 வரை திரட்டிய உடல்நலக் கணக்கை ஆராய்ந்து, 2003-ல் முடிவை வெளியிட்டனர். டெசிலிட்டர் குருதியிலே 3 மைக்ரோகிராம் காரீயம் இருந்த ஆப்பிரிக்க அமெரிக்கச் சிறுமியருக்கு, 1 மைக்ரோகிராம் இருந்தவரைவிடப் பருவ வளர்ச்சி பிந்தியிருக்கக் கண்டனர். அத்துணைச் சிறிய அளவு!

உட்புகுந்த காரீயம் எலும்பிலே ஆண்டுக்கணக்கிலே தங்குகிறது. கருவுற்ற காலத்தில், சிசுவுக்குச் சுண்ணாம்புச் சத்தளிக்க எலும்பு கரைகையில், நஞ்சும் கரைந்து சிசுவைத் தீண்டுகிறது. காரீயத் தொழிலாளரிடையே கருச்சிதைவு மிகுந்ததை 1860-லேயே எழுதினார், பிரெஞ்சு மருத்துவர் கான்ஸ்டன்டைன் பால்.

பேட்டரி உருக்கும் கொட்டகை, உதிரும் பழைய பெயிண்ட், மஞ்சளுக்கு நிறமேற்றும் காரீயக் குரோமேட் ஆகியவை நஞ்சின் ஊற்றுகள். மங்கலமென்று இடும் செந்தூரம் சிலவற்றிலும், கண்ணுக்குத் தீட்டும் சுருமாவிலும் காரீயம் கண்டுள்ளனர். மங்கலத்தின் பேரால் நஞ்சைப் பூசுவானேன், பிறகு விளைவுக்குத் தோஷமெனப் பெயரிடுவானேன்?

தாமதம் அனைத்துக்கும் காரீயமே காரணமென்று நாம் சொல்லவில்லை. சோதித்தறிக என்கிறோம், பகுத்தறிவு வேண்டுவது அவ்வளவே.

முதலாளியின் தந்திரமும் அறிவோம். 1898-ல் பிரிட்டனிலே, வெள்ளைக் காரீயத் தொழிலின் ஆபத்தான பணிகளிலிருந்து பெண்களை நீக்கினர். நஞ்சு அங்கேயே இருந்தது! ஆணின் விந்தையும் அது கெடுக்குமே! அமெரிக்க பேட்டரித் தொழிற்சாலை ஒன்று, கருவுறக்கூடிய பெண்களை விலக்கியது சட்டவிரோதம் என 1991-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலக்க வேண்டியது நஞ்சை, நங்கையை அல்ல.

இந்நாட்டுப் பெட்ரோலிலிருந்து 2000-ல் காரீயம் நீங்கிற்று. வீட்டுப் பெயிண்டிலே பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென்ற விதி 2017-ல் நடைமுறைக்கு வந்தது. எந்த யாகம் செய்த பணி இது? விஞ்ஞானமும் சட்டமும் செய்த பணி!

தோழர்களே! உருக்காலையருகே வாழும் சிறுமியர்க்கெல்லாம் அரசு குருதிச் சோதனை நடத்தக் கோருவோம். அதற்குமுன், நம் வீட்டு ஜாதகக் கட்டுகளை மூடிவைப்போம். தங்கையின் கண்ணீருக்குக் காரணம் அக்கட்டங்களிலே இல்லை.