காலம் கடந்த அழைப்பு

இந்திரஜித் குமாரசுவாமி 1974 முதல் 1989 வரை இலங்கை மத்திய வங்கியில் பணியாற்றி, பொதுநலவாயச் செயலகம் சென்று, 2016 இல் ஆளுநராகத் திரும்பியவர். அவர் காலத்தில் வரையப்பட்ட, வங்கிக்குச் சுயாதீனம் தரும் சட்டமூலம் 2019 ஆட்சி மாற்றத்தோடு கிடப்பில் போடப்பட்டது. வரிகள் வெட்டப்பட்டன, பணம் அச்சிடப்பட்டது. நாடு வங்குரோத்தின் விளிம்பில் நின்ற 2022 ஏப்ரலில்தான் அவரையும், உலக வங்கியில் அனுபவம் பெற்ற ஷாந்த தேவராஜனையும் ஆலோசனைக்கு அழைத்தார்கள். சட்டம் நிறைவேற 2023 ஆயிற்று.

வெளிநாட்டு நிறுவனங்களில் பழகியவர்களுக்கு கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையின் விலை தெரியுமா என்பது நியாயமான கேள்வியே. சீர்திருத்தங்களால் கூடும் மின்கட்டணச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை அவர்கள் போதிய அளவு பேசுவதுமில்லை. ஆயினும் 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியதற்கு உள்ளூர் முடிவுகளே பெரும் பொறுப்பு. ஆகவே, வெளிநாட்டு அனுபவம் பெற்ற இத்தகைய நிபுணர்களின் கருத்தைப் பாராளுமன்றக் குழுக்கள் ஆண்டுதோறும் பகிரங்கமாகக் கேட்டு, தமிழிலும் உடனே வெளியிட வேண்டும்.