பேரில் தமிழ்நாடு, ஆட்டம் ரூர்கேலாவில்!

2017-க்குப் பிறகு படுத்துத் தூங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில்தான் கண் விழித்தது. ஆண்கள் பிரிவில் எட்டு டீம், அதில் ஒன்று தமிழ்நாடு டிராகன்ஸ். சந்தோஷம்தான். ஆனால் அந்த சீசனில் ஆண்கள் மேட்ச் பெரும்பாலும் ஒடிசாவில், ரூர்கேலா பிர்சா முண்டா ஸ்டேடியத்தில்! பேரில் தமிழ்நாட்டை வைத்திருக்கும் டீம் தமிழ்நாட்டில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை.

மைதானம் இல்லையா? 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியையே சென்னை எழும்பூரில் நடத்தினார்களே! செலவு என்பார்கள். டிராகன்ஸ் 54 லட்சம் கொடுத்து எடுத்த நெதர்லாந்துக்காரர் யிப் யான்சனைக் கேட்டால் தெரியும். அவருடைய காம்போங் கிளப், லீக் என்றால் ஒரு மேட்ச் சொந்த ஊரில், இன்னொன்று எதிராளி ஊரில் என்றுதான் ஆடுகிறது. ஏலத்துக்கு இருக்கிற காசு டிக்கெட் எடுக்க இல்லாமலா போகும்?

2026 ஜனவரியில் சென்னைக்கும் கொஞ்சம் மேட்ச் வந்தது. வந்தவரை லாபம். ஆனால் நாகர்கோவில்காரனுக்கு சென்னை என்பது ஒரு ராத்திரி ரயில் பயணம் (டிக்கெட் கிடைத்தால்!). டி.என்.பி.எல். கிரிக்கெட் திருநெல்வேலி சங்கர் நகர் வரைக்கும் வந்திருக்கிறது. ஹாக்கி கோவில்பட்டிக்கு வந்தால் என்னவாம்? மாரீஸ்வரனும் கார்த்தியும் பயிற்சி எடுத்து, 2022 ஆசியக் கோப்பைக்குப் போன ஊர் அது. வடசேரியில் காலையில் பஸ் ஏறினால் மேட்ச் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.